தண்ணித்தொட்டி வரைக்கும் ஓடின மகனுக்கு

எய்யா, இந்தக் கடுதாசியப் பிரிச்ச உடனே பதறிராத. அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கும் புதுசா ஒண்ணும் இல்ல, பழைய வலி பழைய இடத்துலயே இருக்கு. இந்தக் காலத்துல எவ உக்காந்து கடுதாசி எழுதுறான்னு நீ நினைப்ப. வேற என்ன செய்யச் சொல்ற? போன் போட்டா எடுக்க மாட்டேங்கற. தப்பித் தவறி எடுத்தாலும், "ம்", "சரிம்மா", "சாப்பிட்டேன்மா"ன்னு சொல்லி வச்சிர்ற. கடுதாசிய அப்படிப் பாதியில வைக்க முடியாதுல்ல. வச்சாலும் அது மேசை மேல கெடந்து உன்னையப் பார்த்துக்கிட்டே இருக்கும், என்னைய மாதிரி. பத்தாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவதானே நான். அடிபட்டது இடது கை. வலது கை நல்லாத்தான் இருக்கு, எழுதவும் செய்யும், நீ பக்கத்துல இருந்தா முதுகுல ஒண்ணு வைக்கவும் செய்யும்.

கோர்ட்டுல இருந்து ஆக்சிடெண்ட் கேஸ் நோட்டீஸ் வந்திருக்கும் உனக்கு. ஓசூர்ல உன் ரூமுக்கே வந்து, கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்ப. மனுதாரர்ங்கற இடத்துல என் பேரு. எதிர்மனுதாரர்ங்கற இடத்துல வேன் ஓனரு, வேனோட இன்சூரன்ஸ் கம்பெனி, அப்புறம் நீ, உன் காரோட இன்சூரன்ஸ் கம்பெனி. பெத்தவ ஒரு பக்கம், புள்ள எதிர்ப்பக்கம். அதப் படிச்ச அன்னைக்கு நீ சாப்பிட்டிருக்க மாட்டன்னு எனக்குத் தெரியும். அன்னைல இருந்துதான் நீ போனையும் சரியா எடுக்கல. பொங்கலுக்கும் வரல, லீவு இல்லன்னு அப்பாகிட்ட சொல்லிட்ட. முன்கூட்டியே உன்கிட்ட சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றதுன்னு பயந்துக்கிட்டே ஒவ்வொரு நாளாத் தள்ளுனேன், அதுக்குள்ள தபால்காரர் முந்திக்கிட்டாரு. அந்த நோட்டீஸ் எதுக்குன்னு மொதல்ல சொல்லிர்றேன், அப்புறம் மத்தது.

அப்பா கேஸே வேண்டாம்னாரு. அச்சாபீஸ் மிஷின் சத்தத்துல பாதிக் காது போன மனுஷன், வீட்டுல சத்தமே போட மாட்டாரு. அன்னைக்குப் போட்டாரு. பெத்தவ புள்ள மேல கேஸ் போட்டான்னு ஊரு சிரிக்கும், நாளைக்கு அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு கேட்டாரு. ஊர் வாய மூட உலைமூடி இல்ல, சிரிக்கட்டும்னு நானும் பதிலுக்குக் கத்துனேன். வாய்தான் அப்படிச் சொல்லுச்சு. உள்ளுக்குள்ள எனக்கும் திக்குதிக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா கேஸ் போடாம விட்டா என்ன ஆகும்னு நினைச்சுப் பாரு. இடுப்புக்கு மறுபடி ஆபரேசன் பண்ணணும்ங்கறாக. பட்டாசுக் கம்பெனி பேக்கிங் ரூம்ல சம்மணம் போட்டு உக்காந்து பெட்டி கட்டுற வேலைக்கு இனி நான் போக முடியாது. சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போயி ஊனமுற்றவங்க கார்டும் வாங்கியாச்சு. அம்புட்டுச் செலவும் கடைசியில ஓசூர்லதான் வந்து நிக்கும், உன் தலையில.

வக்கீலம்மா யாருன்னு உனக்குத் தெரியாதுல்ல. ஆஸ்பத்திரியில என்னைத் தூக்கி உக்கார வச்சு, தலை சீவிவிட்டாகளே ஒரு நர்சம்மா, அவுகளோட தங்கச்சி. விருதுநகர்ல ஆபீஸ். ரொம்பத் தன்மையான பொம்பள, என்னைய அக்கான்னுதான் கூப்பிடுவாக. அவுக பொறுமையா வெளக்குனாக. கார்ல சும்மா உக்காந்து வந்தவ மேல எந்தத் தப்பும் கெடையாது, அதனால எனக்கு இழப்பீடு வந்தே ஆகணுமாம். சண்டை எல்லாம் எந்த வண்டி மேல எம்புட்டுத் தப்புங்கறதுலதான். வேன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் மொத்தத் தப்பும் கார் ஓட்டுனவன் மேலதான்னு நிப்பான். நீ கேஸ்லயே இல்லன்னா, தப்புப் பண்ணுனவன விட்டுட்டு எங்க மேல மட்டும் போட்டிருக்காகன்னு சொல்லி இழுத்தடிப்பானாம். "இது பகை இல்லக்கா, பங்கு பிரிக்கிற மாதிரி. எல்லாரும் இருந்தாத்தான் பிரிக்க முடியும்"னாக. அதுவரைக்கும் எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு.

அதுக்கு அப்புறம் அவுக கார் இன்சூரன்ஸ் பேப்பரப் பார்த்தாக. முகம் மாறிப் போச்சு. பழைய காரு வாங்கும்போது நீ இன்சூரன்ஸ் போட்டியே, போலீஸ் புடிச்சா காட்டுறதுக்கு இது போதும்மான்னு சொன்னியே, அது வெளியாளுக்கு அடிபட்டாத்தான் குடுக்குமாம். உள்ளுக்க உக்காந்திருந்தவளுக்குக் குடுக்காதாம். அப்படின்னா கோர்ட்டு உன் மேலயும் பாதித் தப்புன்னு சொல்லிட்டா, அந்தப் பாதியக் கட்ட உனக்குப் பின்னால எந்தக் கம்பெனியும் இல்ல. வேன் கம்பெனி என்கிட்ட மொத்தமாக் குடுத்துட்டு, உன் பங்க உன்கிட்ட வந்து வாங்குமாம். என் இடுப்புக்கு என் புள்ள அபராதம் கட்டணும்னு ஒரு ஜட்ஜு எழுதிருவாரோங்கற பயம் அன்னைக்குப் புடிச்சது, இன்னும் விடல. சோறு எறங்கல. சித்தி வந்து, ஏன்க்கா இப்படி எலும்பாப் போறன்னு திட்டிட்டுப் போனா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கற கதையா, தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே இன்னொரு நோட்டீஸோன்னு தோணுது.

அன்னைக்கு நடந்தத நாம ரெண்டு பேரும் இதுவரைக்கும் பேசிக்கிட்டதே இல்ல. ஆஸ்பத்திரியில நீ என் கால்மாட்டுல நின்ன, தலமாட்டுப் பக்கம் வரவே இல்ல. நான் பார்த்தா நீ ஜன்னலப் பார்த்த. சரி, நானே எழுதுறேன், நீ படி.

காரு வாங்குன மறுவாரம் இருக்கன்குடி கோயிலுக்குப் போயிட்டு வந்தோம். பூசாரி மாலை போட்டுக் குடுத்தாரு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்குன. உன் மூஞ்சியில அன்னைக்கு இருந்த சிரிப்ப, நீ மொதல் வேலைக்குப் போன அன்னைக்குக்கூட நான் பார்க்கல. முன் சீட்டுல என்னைய உக்கார வச்சு பெல்ட்டு மாட்டிவிட்ட. கழுத்த அறுக்குது, கழட்டுலேன்னு நான் சொன்னேன். கழட்டுனா வண்டிய எடுக்க மாட்டேன்னுட்ட. அந்தப் பெல்ட்டுதான் என்னைய உசிரோட வச்சுதுன்னு டாக்டர் சொன்னாரு, தெரியுமா உனக்கு? சாத்தூர்ல எறங்கி காராச்சேவு வாங்குனோம். பொட்டலம் என் மடியில இருந்துச்சு. ரோட்டப் பார்த்து ஓட்டு, ரோட்டப் பார்த்து ஓட்டுன்னு நான் நச்சரிச்சுக்கிட்டே வந்தேன். பார்த்துக்கிட்டுத்தாம்மா வர்றேன்னு நீ சொல்லி வாய மூடல. எடப்பக்க மண்ரோட்டுல இருந்து வேன் வந்துச்சு. நிக்கவே இல்ல. நீ பிரேக்கையும் அமுக்குன, வலப்பக்கம் ஒடிக்கவும் செஞ்ச. நேரா என் கதவுலதான் வந்து இடிச்சான். காரு அப்படியே பக்கவாட்டுல போயி பாலத்துக் கட்டையில மோதி நின்னுச்சு.

அதுக்கு அப்புறம்தான் இருக்கு. வேன் மேல இருந்த அட்டைப்பெட்டி எல்லாம் ரோடு பூரா சரிஞ்சுச்சு. பெட்டிக்குப் பெட்டி பட்டாசுப் படம். வேன் நெத்தியில செவப்பு எழுத்துல வெடிபொருள்னு போர்டு. நம்ம காரு முன்னாடி இருந்து பொசுபொசுன்னு வெள்ளையா கெளம்புது. அது ரேடியேட்டர் ஆவின்னு இப்ப தெரியுது, அப்ப நமக்கு எல்லாமே புகைதான். "வெடி லோடு"ன்னு எவனோ கத்துனான். அவ்வளவுதான், ரோட்டோரத்து டீக்கடையில ஒரு ஆளு இல்ல. கடைக்காரம்மா அந்த ஓட்டத்துலயும் அடுப்ப அணைச்சுட்டு ஓடியிருக்கா, நம்ம ஊர்க்காரி பாரு. நீயும் உன் கதவத் திறந்துக்கிட்டு ஓடுன. நான் எறங்க முடியாம அமுங்கிக் கெடந்தேன். வேன் டிரைவர் மட்டும்தான் ஓடல. அச்சாபீஸ்ல இருந்து ஏத்திட்டு வந்த வெறும் பெட்டின்னு அவனுக்குத்தானே தெரியும். அவன்தான் நொண்டிக்கிட்டே வந்து உன் பக்கக் கதவு வழியா எனக்குத் தண்ணி குடுத்தான். வெறும் பெட்டிதான், வெறும் பெட்டிதான்னு அவன் கத்துன பிறகுதான் சனம் திரும்பி வந்துச்சு. கடைக்காரம்மாவும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைய வெளிய எடுத்தாக. 108 வந்து ஏத்திட்டுப் போற வரைக்கும் நீ வரல. தூரத்துல மக்காச்சோளக் காட்டுக்கு அந்தப் பக்கம் பனை மரத்தடியில நின்னுக்கிட்டே இருந்தியாம். கூப்பிட்டாலும் அசையலையாம். கடைசியில போலீஸ்காரர் போயிக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்காரு.

அந்தப் போலீஸ்காரர் எழுதுனதுலதான் வெனை வந்துச்சு. கார் ஓட்டுனவர் சம்பவ இடத்தை விட்டு ஓடிட்டாருன்னு எழுதிட்டாரு. வேன் இன்சூரன்ஸ் கம்பெனி அத ஒண்ணைத்தான் புடிச்சுக்கிட்டு நிக்குது. ஊர்லயும் பேசாத வாய் இல்ல. தாயப் போட்டுட்டு ஓடிட்டான்னு, கல்யாண வீட்டுல எனக்குப் பின்னால இருந்தே ஒருத்தி சொன்னா. திரும்பி நாலு கேள்வி கேட்டிருப்பேன், வாக்கர வச்சுக்கிட்டுத் திரும்புறதுக்குள்ள அவ பந்திக்குப் போயிட்டா. அந்தச் சொல்லு உன் காதுக்கும் வந்திருக்கும். வந்து, அதுவே நிசம்னு நீயும் நம்பிட்டன்னுதான் எனக்குப் பயம். கோர்ட்டு, காசு, கம்பெனி எல்லாத்தையும் விட இந்தப் பயம்தான் எனக்குப் பெருசு. நான் பெத்த புள்ள, தன்னையத் தானே கேவலமா நினைச்சுக்கிட்டு, தெரியாத ஊர்ல ரூம்ல ஒத்தையில உக்காந்திருக்கானேன்னு நினைக்கும்போது, ஆண்டவனே, ஈரக்கொலை நடுங்குது.

எங்கன படிச்ச நீ அந்த ஓட்டத்த? யோசிச்சுப் பாரு. விஸ்வநத்தம் பக்கம் லைன் வீட்டுல இருந்தோமே, நீ ஒண்ணாங்கிளாஸ் போறதுக்கும் முந்தி. வீட்டச் சுத்தி நாலு திசையிலயும் பட்டாசுக் கம்பெனி. வெடிச் சத்தத்துக்குப் பதிலா நான் சோத்து வட்டில கரண்டியால டங்குன்னு தட்டுவேன். நீ சோத்துல கைய வச்சிருந்தாலும் சரி, வெளிக்குப் போயிக்கிட்டு இருந்தாலும் சரி, அப்படியே எந்திரிச்சுத் தண்ணித்தொட்டி வரைக்கும் ஓடணும். செருப்பு போடக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. மொத நாளு நீ பாதி தூரம் ஓடிட்டு, அம்மான்னு அழுதுக்கிட்டே திரும்பி ஓடி வந்து என் காலக் கட்டிக்கிட்ட. நான் என்ன செஞ்சேன்? வெளக்குமாத்தால அடிச்சேன். கால்ல தடம் விழுற மாதிரி அடிச்சேன். திரும்பி வருவியா, எனக்காகத் திரும்பி வருவியான்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். பக்கத்து வீட்டுக்காரி, பாசத்துல வந்த புள்ளைய அடிக்கிறியே நீயெல்லாம் தாயான்னு கேட்டா. ஆமா, தாய்தான், அதான் அடிக்கிறேன்னேன். இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். அதுக்காக நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்கப் போறது இல்ல.

ஏன்னு உனக்கு நான் சொன்னதில்ல. நீ வயித்துல இருக்கும்போது நான் வேலை பார்த்த ரூமுக்கு ரெண்டு ரூம் தள்ளி வெடிச்சுச்சு. எல்லாரும் ஓடி வெளிய வந்துட்டோம். என் கூட வேலை பார்த்த செல்வியும் வந்துட்டா, என் பக்கத்துலதான் நின்னு மூச்சு வாங்குனா. திடீர்னு, என் தங்கச்சி உள்ள இருக்காடின்னு சொல்லிட்டுத் திரும்பிப் போனா. நான் கையப் புடிச்சேன், உதறிட்டுப் போனா. தங்கச்சி வேற வாசல் வழியா எங்களுக்கு முந்தியே வெளிய வந்து, எங்களுக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டு இருந்தா. அக்கா எங்கன்னு அவ வந்து என்கிட்டத்தான் கேட்டா. அதுக்கு மேல அத எழுத முடியல. அன்னைக்குத்தான் வயித்துல கைய வச்சு நினைச்சேன், இந்தப் புள்ளைக்குப் பேசக் கத்துக் குடுக்குறதுக்கு முந்தி, திரும்பிப் பார்க்காம ஓடக் கத்துக் குடுக்கணும்னு. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லும்பாக. உன் மனச நான்தான் கல்லாக்கப் பார்த்தேன். அந்தக் கல்லுதான் நீ பொழைக்கறதுக்கு வழின்னு நினைச்சேன்.

போன வாரம் வக்கீலம்மா என்னையக் கூப்பிட்டு விட்டாக. அடுத்த மாசம் நான் கோர்ட்டுல சாட்சி சொல்லணும். வேன் கம்பெனி வக்கீல் குறுக்கால என்னென்ன கேட்பாருன்னு பழக்கிவிடுறேன்னு சொல்லி, அவுகளே அந்த வக்கீலாட்டம் எந்திரிச்சு நின்னாக. குரலே மாறிப் போச்சு. வேன் எந்தப் பக்கம் வந்துச்சு, காரு என்ன வேகத்துல வந்துச்சு, மகன் போன்ல பேசிக்கிட்டு வந்தாரான்னு வரிசையா வந்துச்சு. எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன். வேன் நிக்காம வந்துச்சு, என் மகன் ரோட்டப் பார்த்துத்தான் ஓட்டுனான், பேசுனது நான்தான், அவன் கையில போன் இல்லன்னு. அப்புறம்தான் அந்தக் கேள்வி.

"தப்பு இல்லாதவன் எதுக்கும்மா ஓடணும்? அடிபட்டுக் கெடந்த தாய விட்டுட்டு உங்க மகன் ஓடினாரா, இல்லையா?"

பழக்கத்துக்குக் கேட்குறாகன்னு தெரியும், எதிர்ல நிக்கிறது நம்ம வக்கீலம்மாதான்னும் தெரியும். அப்படியும் வீட்டுக்குப் போயிருவோம்னு வாக்கரப் புடிச்சு எந்திரிச்சுட்டேன். அவுக பழைய குரலுக்கு வந்து தண்ணி குடுத்தாக. "அக்கா, இதுக்கு மட்டும், எனக்கு மயக்கம், எதுவும் பார்க்கலைன்னு சொல்லிருங்க. அடிபட்டவுகளுக்கு மயக்கம் வர்றது சகஜம், யாரும் மறுக்க முடியாது. ஓடினாருன்னு நீங்களே சொல்லிட்டா, அதப் புடிச்சுக்கிட்டு அவர் மேல பங்கு ஏத்தப் பார்ப்பாக"ன்னாக. உன் நல்லதுக்குத்தான் சொன்னாக. அப்பாவும் பக்கத்துல இருந்து தலைய ஆட்டுனாரு, எம்புட்டுக் காதுல விழுந்துச்சோ. சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ்ல வரும்போது மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தேன், மயக்கம், பார்க்கல, மயக்கம், பார்க்கலன்னு. வாய் சொல்லுது, மனசு ஒட்டல.

ஏன்னா நான் பார்த்தேன். நல்லாப் பார்த்தேன். கார்ல நடுவுல இருக்குமே கண்ணாடி, இடிச்ச இடியில அது திரும்பி நேரா என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. பின்னால ரோடு பூரா அதுல தெரிஞ்சுச்சு. நீ ஓடுறது தெரிஞ்சுச்சு. ஒரு கால்ல செருப்பு இல்ல. எடுக்க நிக்கவும் இல்ல. சின்னப் புள்ளையில எப்படி ஓடுவியோ அதே ஓட்டம், தோளத் தூக்கிக்கிட்டு. எனக்கு இடுப்புக்குக் கீழ இருக்கான்னே தெரியல, மடியெல்லாம் காராச்சேவும் கண்ணாடித் தூளும். இன்னும் கொஞ்ச நேரத்துல வெடிச்சிரும், நான் போயிருவேன்னுதான் நானும் நினைச்சேன். அப்படி நினைச்சுக்கிட்டே கண்ணாடியில உன்னையப் பார்த்தேன். இத நான் யாருகிட்டயும் சொல்லல, அப்பாகிட்டகூட. எனக்கு சந்தோசமா இருந்துச்சுய்யா. ஓடு, இன்னும் ஓடு, அந்தக் காட்டத் தாண்டுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன். நடுவுல நீ ஒரு தடவை நின்ன. திரும்பிக் காரப் பார்த்த. அன்னைக்கு நான் பயந்தது அந்த ஒரு எடத்துலதான். அய்யோ வந்துருவானோ, செல்வி மாதிரி வந்துருவானோன்னு. அப்புறம் நீ மறுபடி ஓடுன. அப்பாடான்னு கண்ண மூடுனேன்.

இத எப்படி நான் பார்க்கலன்னு கோர்ட்டுல சொல்லுவேன்? சொன்னா ஒருவேளை உன் பங்கு குறையலாம். ஆனா நீ என்ன நினைப்ப? அம்மா பார்த்திருக்கா, பார்த்துட்டு என் மானத்த மறைக்கப் பொய் சொல்றான்னு நினைப்ப. நீ செஞ்சது மறைக்க வேண்டிய காரியம்னு நானே உறுதி பண்ணிக் குடுத்த மாதிரி ஆயிரும். அது மட்டும் என்னால ஆகாது. ஓடுனானான்னு கேட்டா, ஓடுனான்னுதான் சொல்லப் போறேன். எதுக்கு ஓடுனான்னு கேட்டா, ரோட்டுல பட்டாசுப் பெட்டி கெடந்துச்சு, புகை வந்துச்சு, எங்க ஊர்ல அப்படித்தான் ஓடணும், நான்தான் சொல்லிக் குடுத்தேன், அன்னைக்கு அங்கன ஓடாத ஆளு வேன் டிரைவர் ஒருத்தன்தான், அவனுக்குப் பெட்டி வெறும் பெட்டின்னு தெரியும்னு சொல்லுவேன். அந்தப் பயலே அதுக்குச் சாட்சி. டீக்கடைக்காரம்மாவும் வந்து சொல்றேன்னிருக்கா. வக்கீலம்மாகிட்ட நேத்துப் போன்ல இதச் சொன்னேன். திருப்பி ஒரு தடவை எல்லாத்தையும் சொல்லச் சொன்னாக. அப்புறம், சரிக்கா, அப்படியே சொல்லுங்க, மிச்சத்த நான் பார்த்துக்கறேன்னாக. ஜட்ஜு நம்புவாரோ மாட்டாரோ எனக்குத் தெரியாது. அவரு எந்த ஊரோ, வட்டில் சத்தம் கேட்டு ஓடுன புள்ளைகள அவருக்குத் தெரியுமோ என்னமோ. பயமாத்தான் இருக்கு. உன் மேல பங்கு விழுந்தா, எனக்கு வர்றதுல இருந்து குடுத்துட்டுப் போவோம். காச விட்டு மனுசன் பொழச்சுக்கலாம்.

லைன் வீட்டுல ஒரு நாளு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கா? தண்ணித்தொட்டிக்கு ஓடுனா அங்கனயே நிக்கணும், நான் வந்து கூப்பிடுற வரைக்கும் வரக் கூடாது, வேற எவன் கூப்பிட்டாலும் வரக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன். அன்னைக்கு வட்டிலத் தட்டிட்டேன், நீயும் ஓடிட்ட. அந்நேரம் பார்த்து அச்சாபீஸ்ல அப்பாவுக்குக் கையில அடிபட்டுருச்சுன்னு ஆள் வந்துச்சு, நான் அப்படியே போயிட்டேன். சாயங்காலம் மழை புடிச்சுக்கிச்சு. வீட்டுக்கு வந்து பார்த்தா நீ இல்ல. ஓடி வந்தா, தொட்டிக்குக் கீழ தொப்பலா நனைஞ்சு, பல்லு கிட்டிப் போயி நிக்கிற. பக்கத்து வீட்டுக்காரி எம்புட்டோ கூப்பிட்டுப் பார்த்தாளாம், அசையலையாம். ஏம்லே வீட்டுக்கு வரலன்னு கேட்டதுக்கு, "நீ வந்து கூப்பிடலையேம்மா"ன்ன.

அந்தப் பனை மரத்தடியிலயும் நீ அதுக்குத்தானே நின்ன? போலீஸ்காரருக்கு அது தெரியாது, தப்பி ஓடிட்டான்னு எழுதிட்டாரு. எனக்குத் தெரியும். நீ இன்னும் அங்கனதான் நிக்கிற, ஓசூர்ல இல்ல. நான்தான் வந்து கூப்பிடணும். வரலாம்னா அம்புட்டுத் தூரம் பஸ்ல உக்கார இடுப்பு விடல, வாசப்படி தாண்டவே ஆள் வேணும். அதான் எழுதுறேன். எய்யா, ஒண்ணும் வெடிக்கல. வெறும் பெட்டிதான். அம்மா நல்லாருக்கேன். சத்தம் அடங்கிப் போச்சு, நான் கூப்பிடுறேன், வா.